வட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள்

கேட், ஜிமேட், சிசாட் என்று எந்தப் போட்டித் தேர்வுக்குப் பாடம் எடுத்தாலும், கணங்கள் வகுப்பு தொடங்கும் நாளில் மாணவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். நேரமும் வேலையும், படகும் நீரோட்டமும், நிகழ்தகவு என்று மிரட்டுகிற பாடங்களுக்கு நடுவே இது பள்ளியில் பார்த்துப் பழகிய முகம். ஒன்பதாம் வகுப்புச் சமச்சீர்க் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமே ‘கண மொழி’தான். இரண்டு வட்டம், நடுவில் ஒரு வெட்டு, பக்கத்தில் ஒரு சூத்திரம். “இது தெரியும் சார், அடுத்த சாப்டர் போயிடலாம்” என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும்.

நான் போவதில்லை. மாதிரித் தேர்வுத் தாள்களைப் பார்த்துப் பார்த்து நான் தெரிந்துகொண்டது, கடினமான கணக்கால் போகிற மதிப்பெண்ணைவிட இந்தத் தெரிந்த கணக்கால் போகிற மதிப்பெண் அதிகம் நோகடிக்கும் என்பதுதான். கடினமானதை மாணவர் தொடாமல் விட்டுவிடுவார், நஷ்டமில்லை. தெரிந்ததைத் துணிந்து எழுதுவார். தவறினால் கேட் தேர்வில் 1 மதிப்பெண் கழியும். சிசாட்டில் கேள்விக்கு 2.5 மதிப்பெண், தவறான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கழியும். அதனால் இந்தப் பாடத்துக்கு மட்டும் நான் கூடுதலாக நாள் ஒதுக்குவேன். அதைப் பற்றி எனக்கு வருத்தமே கிடையாது.

முதல் வகுப்பில் பலகையில் எழுதும் கணக்கு இது. ஓர் அலுவலகத்தில் 60 பேர். 35 பேர் டீ குடிப்பார்கள், 40 பேர் காபி குடிப்பார்கள். இரண்டும் குடிப்பவர்கள் எத்தனை பேர்?

வகுப்பே ஒரே குரலில் 15 என்று சொல்லும். 35 + 40 = 75, அதில் 60 போனால் 15. கூட்டலிலும் கழித்தலிலும் குறையே இல்லை. “அந்த ஆபீஸ்ல மோர் மட்டும் குடிக்கிறவர் ஒருத்தர்கூட இல்லையா?” என்று கேட்பேன். கொஞ்ச நேரம் பேச்சிருக்காது. டீயும் தொடாமல் காபியும் தொடாமல் 5 பேர் இருந்தால், ஏதாவது ஒன்றைக் குடிப்பவர்கள் 55 பேர்தான். அப்போது இரண்டும் குடிப்பவர்கள் 20. டீ குடிக்கும் 35 பேருமே காபியும் குடிக்கிறார்கள் என்றால் விடை 35; அப்படியானால் எதையும் தொடாதவர்கள் 20 பேர். ஆக, கேள்வியில் உள்ளதை வைத்து 15 முதல் 35 வரை எது வேண்டுமானாலும் விடையாகலாம். ஒரே விடை சொல்வதற்கு இங்கே தகவல் போதாது.

ஜிமேட் தேர்வில் ‘டேட்டா சஃபிஷியன்சி’ என்ற வகைக் கேள்விகள் இந்த இடத்தில்தான் கை வைக்கும். 2023 நவம்பரில் தேர்வின் அமைப்பு மாறியபோது இந்த வகை கணிதப் பகுதியிலிருந்து ‘டேட்டா இன்சைட்ஸ்’ பகுதிக்குப் போய்விட்டது, குணம் மாறவில்லை. கேள்வி மேலே உள்ளதுதான். கூடவே இரண்டு கூற்றுகள் இருக்கும். ஒன்று, எதையும் குடிக்காதவர் 5 பேர். இரண்டு, காபி மட்டும் குடிப்பவர் 20 பேர். விடையை முடிவாகச் சொல்ல எந்தக் கூற்று போதும் என்பதே கேள்வி. முதல் கூற்றே போதும் என்று பார்த்தோம். இரண்டாவதும் தனியாகவே போதும்: காபி குடிக்கும் 40 பேரில் 20 பேர் காபியோடு நிற்பவர்கள், மீதி 20 பேர் டீயும் குடிப்பவர்கள். ஆனால் ‘எதுவும் இல்லாதவர்’ பூஜ்யம் என்று மனசுக்குள் எடுத்துக்கொண்ட மாணவருக்கு, எந்தக் கூற்றும் தேவைப்படாமலேயே விடை வந்துவிட்டதாகத் தோன்றும். பிறகு கூற்றுகளைப் பார்த்துக் குழம்புவார். கேள்வி சொல்லாத ஒன்றை அவர் தானாகச் சேர்த்துக்கொண்டார். இந்தப் பாடத்தின் பெரும்பாலான சறுக்கல்களுக்கு வேர் அந்தச் சேர்ப்புதான்.

இதைப் புரியவைக்க நான் கல்யாணப் பந்தியைத்தான் எடுப்பேன். சொந்தத்துக்குள் நடக்கிற கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுப் பட்டியலில் 300 பேர், பெண் வீட்டுப் பட்டியலில் 250 பேர். அத்தை, மாமா, ஒன்றுவிட்ட சித்தப்பா என்று 120 பேர் இரண்டு பட்டியலிலும் இருக்கிறார்கள். இரண்டு பத்திரிகை வந்தாலும் ஒருவர் உட்காரப்போவது ஓர் இலையில்தான். 300 + 250 − 120 = 430 இலை. இதுவரை எல்லோரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். சமையல்காரர் அதோடு விடமாட்டார். நாதஸ்வரக்காரர்கள், போட்டோ எடுப்பவர்கள், வேன் ஓட்டி வந்தவர்கள், பரிமாறுகிறவர்கள் என்று எந்தப் பட்டியலிலும் பெயரில்லாத 40 பேருக்கும் சேர்த்து 470 இலைக்கு அரிசி களைவார். அந்த 40 பேரை மறக்காதவருக்குப் பாதிப் பாடம் வந்துவிட்டது.

வட்டங்களை வரைந்து தர்க்கம் சொல்லும் வழக்கம், இந்த ‘வென் படத்துக்கு’ப் பெயர் தந்த ஜான் வென்னுக்கு முன்பே உண்டு. கணித மேதை ஆய்லர் 1760-களின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மன் இளவரசிக்கு எழுதிய கடிதங்களில் வட்டங்களைத்தான் பயன்படுத்தினார். ஆனால் அவர் தெரிந்த உறவை மட்டும் வரைந்தார். ஒட்டாத இரண்டு கூட்டமென்றால் தள்ளித் தள்ளி இரண்டு வட்டம். ஒன்று மற்றொன்றில் அடங்குமென்றால் பெரிய வட்டத்துக்குள் சின்ன வட்டம். கேம்பிரிட்ஜில் இருந்த வென் 1880-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த வரிசையை மாற்றினார். எந்தத் தகவலையும் பார்ப்பதற்கு முன்பே, இருக்கக்கூடிய எல்லாச் சேர்க்கைக்கும் இடம் வைத்து வட்டங்களைப் போட்டுவிட வேண்டும். ஆளில்லை என்று பிறகு தெரிந்தால் அந்தப் பகுதியை நிழலிட்டு அடைக்க வேண்டும். பரீட்சை எழுதுபவருக்கு இதைவிடப் பயனுள்ள அறிவுரை எனக்குத் தெரியாது. முதலில் எல்லா இடத்தையும் திறந்து வை. கேள்வி சொன்ன பிறகு மூடு.

வென் படத்தில் ஒரு குறையை ‘ஆலிஸ்’ கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் கண்டுபிடித்தார். இயற்பெயர் சார்லஸ் டாட்ஜ்சன். ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணித விரிவுரையாளர். வென் முறையில் வட்டங்களுக்கு வெளியே இருப்பவர்களுக்கு எல்லைக்கோடு இல்லை, அவர்கள் வெட்டவெளியில் திரிகிறார்கள், என் முறையில் அவர்களுக்கும் மற்றவர்களைப் போல ஒரு கட்டம் உண்டு என்பது 1896-இல் வெளிவந்த ‘சிம்பாலிக் லாஜிக்’ நூலில் அவர் ஆசிரியர்களுக்குச் சொன்ன கருத்தின் சாரம். அந்தக் கட்டப் படத்தை அவர் 1886-இலேயே ‘தி கேம் ஆஃப் லாஜிக்’ என்ற புத்தகத்தில் கொடுத்துவிட்டார். பிரிட்டனின் தொடக்கப் பள்ளிகளில் இன்றும் அதைக் ‘கரோல் படம்’ என்று கற்றுக்கொடுக்கிறார்கள். இப்போது நம் பாடப் புத்தகங்கள் வட்டங்களைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டு அந்தக் குறையைத் தீர்க்கின்றன. ஆனால் பரீட்சை அவசரத்தில் மாணவர் வரைவது வட்டங்களை மட்டும்தான். செவ்வகத்தை நேரம் தின்னும் அலங்காரமாக நினைக்கிறார். என் வகுப்பில் செவ்வகத்தை முதலில் போட்டுவிட்டுத்தான் வட்டத்தைத் தொடலாம்.

இரண்டு பிரிவுகள் மட்டும் உள்ள கணக்கென்றால் நான் வட்டத்தையே கேட்பதில்லை. கரோல் வழியில் கட்டம்தான். இது என் பிடிவாதம் என்று மாணவர்கள் சொல்வார்கள். ஒரு சதவீதக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் சொல்வதை நிறுத்திவிடுவார்கள்.

ஒரு கல்லூரியில் 40 சதவீதம் மாணவர்கள் விடுதியில் தங்குபவர்கள். விடுதி மாணவர்களில் 30 சதவீதம் பேரிடம் பைக் இருக்கிறது. கல்லூரி மொத்தத்தில் பைக் வைத்திருப்பவர்கள் 60 சதவீதம். விடுதியிலும் தங்காமல், பைக்கும் இல்லாதவர்கள் எத்தனை சதவீதம்?

மொத்தம் 100 பேர் என்று வைத்துக்கொள்ளலாம். மேலே பைக் உண்டு, பைக் இல்லை, மொத்தம் என்று மூன்று பத்தி. இடப்பக்கம் விடுதி, வெளி, மொத்தம் என்று மூன்று வரிசை. கடைசி மூலையில் 100. விடுதி மொத்தம் 40, ஆகவே வெளி 60. பைக் மொத்தம் 60, ஆகவே பைக் இல்லாதவர் 40. இனி உள்ளே ஒரே ஓர் எண் கிடைத்தால் போதும், மற்றதெல்லாம் கழித்தலில் விழும். விடுதி மாணவர்களில் 30 சதவீதம் என்றால் 40-இல் 30 சதவீதம், அதாவது 12. விடுதியில் பைக் இல்லாதவர் 28. வெளியே பைக் உள்ளவர் 60-இல் 12 போக 48. வெளியே பைக் இல்லாதவர் 60-இல் 48 போக 12. விடை 12.

இப்போது அந்த 30 சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். ‘விடுதியில் தங்கி பைக்கும் வைத்திருப்பவர்கள் மொத்தத்தில் 30 சதவீதம்’ என்று அவசரத்தில் படித்தவர் முதல் கட்டத்தில் 30 போடுவார். அவருக்கு விடை 30 வரும். ‘பைக் வைத்திருப்பவர்களில் 30 சதவீதம் பேர் விடுதிக்காரர்கள்’ என்று புரட்டிப் படித்தவர் 60-இல் 30 சதவீதம் என்று 18 போடுவார். அவருக்கு விடை 18 வரும். கேள்வி தயாரிப்பவர் சும்மா இருப்பாரா? நான்கு ஆப்ஷனில் 12, 18, 30 மூன்றும் உட்கார்ந்திருக்கும். எப்படிப் படித்தாலும் வந்த விடை தாளில் இருக்கிறது, அதனால் சரியாகத்தான் போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையோடு மாணவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். கட்டம் போட்டவருக்கு மட்டும் ஒரு கேள்வி தவிர்க்க முடியாமல் எழும்: இந்த 30 சதவீதம் எந்த மொத்தத்தில்? அந்த மொத்தம் எந்த வரிசையின் கடைசியில் இருக்கிறது? கட்டத்தின் பயன் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் உண்மையான பயன் இந்தக் கேள்வியைக் கேட்க வைப்பது.

ஞாயிற்றுக்கிழமை சிசாட் வகுப்பில் இதன் கனம் இன்னும் கூடும். யூபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. பள்ளி முழுக்கத் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். கணக்கு அவர்களுக்கு நன்றாகவே வரும். 2 மணி நேரத்தில் 80 கேள்வி, கேள்விக்கு ஒன்றரை நிமிடம். தகுதி பெற 200-க்கு 33 சதவீதம் எடுத்தால் போதும் என்பது எளிதாகக் கேட்கும். அந்த வரம்பைத் தொடாமல், பொது அறிவுத் தாளில் நல்ல மதிப்பெண் இருந்தும் ஒரு வருடத்தை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களிடம் இல்லாதது கணித அறிவு அல்ல; இரண்டாவதாகக் கற்ற மொழியில் ஒரு நீண்ட வாக்கியத்தை அவசரத்தில் பிரித்துப் பார்க்கும் பழக்கம். இது அவர்களுக்கு இழைக்கப்படும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். அதை மாற்றுவது என் கையில் இல்லை. பழக்கத்தைத் தருவது என் கையில் இருக்கிறது.

அதற்காக ஒரு வகுப்பு முழுக்க விடையே கண்டுபிடிக்காமல் பாடம் நடத்துவேன். கேள்வியைக் கொடுத்து, ஒவ்வோர் எண்ணின் கீழும் அது எந்தக் கட்டம், எந்தப் பகுதி என்று பென்சிலால் எழுதச் சொல்வேன். ‘மட்டும்’ வந்தால் வட்டத்தின் ஓரப் பகுதி. அது இல்லாவிட்டால் முழு வட்டம். ‘குறைந்தது இரண்டு’ என்றால் இரண்டும் மூன்றும் சேர்ந்தது. ‘சரியாக இரண்டு’ என்றால் மூன்று சேராதது. எண்களைக் கூட்டவும் கூடாது, கழிக்கவும் கூடாது. முதலில் முனகுவார்கள். பிறகு, எண்களுக்கு இடம் தெரிந்துவிட்டால் மிச்சம் இருப்பது ஐந்தாம் வகுப்புக் கழித்தல்தான் என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

மூன்று வட்டக் கணக்கில் இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் தப்பிக்கவே முடியாது. ஒரு முறை மாதிரித் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வைத்திருந்தேன். 150 மாணவர்கள். கிரிக்கெட் ஆடுபவர்கள் 75, கபடி 58, கைப்பந்து 50. எந்த ஆட்டமும் ஆடாதவர்கள் 20. சரியாக இரண்டு ஆட்டங்கள் ஆடுபவர்கள் 37. மூன்றும் ஆடுபவர்கள் எத்தனை?

ஒரு மாணவி 16 என்று குறித்திருந்தார். நன்றாகப் படிக்கிற பெண். தாளை எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

“16 எப்படிம்மா வந்துச்சு?”

“ஃபார்முலா சார். மூணையும் கூட்டினா 183. ரெண்டு ரெண்டா வர்றதைக் கழிச்சு, மூணும் வர்றதைக் கூட்டணும். 130 = 183 − 37 + மூணும். மைனஸ் 16 வருது.”

“மைனஸ் எங்க போச்சு?”

“ஆளு எப்படி சார் மைனஸ்ல இருப்பாங்க? ஆப்ஷன்ல 16 இருந்துச்சு. அதான்…”

அவர் எழுதிய சூத்திரம் சரியானது. ஆனால் அதில் கழிக்க வேண்டியது வேறு 37. கிரிக்கெட்டும் கபடியும், கபடியும் கைப்பந்தும், கைப்பந்தும் கிரிக்கெட்டும் என்று இவ்விரண்டாக எடுத்த வெட்டுகளின் கூட்டுத்தொகைதான் அந்த இடத்தில் வர வேண்டும். அந்த ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் மூன்றும் ஆடுபவர்கள் ஒளிந்திருப்பார்கள். கேள்வி கொடுத்ததோ மூன்றும் ஆடுபவர்களை விலக்கிய 37.

இதில் நான் வகுப்பில் தவறாமல் காட்டும் ஒரு செய்தி இருக்கிறது. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் விடை எப்போதும் எதிர்ம எண்ணாகத்தான் வரும். ‘சரியாக இரண்டு’ என்பதை இவ்விரண்டு வெட்டுகளின் இடத்தில் வைத்தால், உண்மையான விடையின் இரண்டு மடங்கு மைனஸ் குறியோடு வரும். இங்கே உண்மையான விடை 8. மாணவிக்கு வந்தது மைனஸ் 16. தலைகீழாக மாற்றினால், உண்மை விடையில் பாதி மைனஸ் குறியோடு வரும். மூன்றும் ஆடுபவர் ஒருவர்கூட இல்லாத கணக்கில் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே மைனஸ் வந்தால் அதை அழிக்கக் கூடாது. எந்த இடத்தில் படித்தது தவறு என்று அது விரலை நீட்டிக் காட்டுகிறது. அழித்துவிட்டால் வழிகாட்டியைத் துரத்திவிட்டோம்.

சூத்திரத்தையே மறந்தாலும் இந்தக் கணக்கைப் போடலாம், அந்த வழிதான் எனக்குப் பிரியமானது. மூன்று ஆட்டப் பட்டியல்களிலும் சேர்த்து 183 பெயர்கள். ஆடுகிற ஆட்களோ 130 பேர். ஆக 53 பெயர் உபரி. ஒரே ஆட்டம் ஆடுபவர் உபரி எதுவும் தருவதில்லை. இரண்டு ஆடுபவர் ஓர் உபரி. மூன்று ஆடுபவர் இரண்டு உபரி. இரண்டு ஆடும் 37 பேரால் 37 உபரி வந்துவிட்டது. மீதி 16 உபரி, ஆளுக்கு இரண்டாக, 8 பேர். அந்த மாணவி இதைக் கேட்டுவிட்டு, “அப்ப என் 16-ம் இங்க இருக்கு சார்” என்றார். இருந்தது. அவருடைய தாளில் மைனஸோடு நின்ற அதே 16, இங்கே உபரியாக நின்றது. அதைப் பார்த்துப் பிடித்தது அவர்தான், நான் சொல்லவில்லை. அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உபரி முறையின் இன்னொரு நன்மை, வட்டங்கள் கைவிடும் இடத்திலும் அது நடக்கும். நான்கு கூட்டங்கள் வந்துவிட்டால் எல்லாச் சேர்க்கைக்கும் இடம் வருகிற மாதிரி நான்கு வட்டங்களை வரையவே முடியாது. வென் அதற்கு நீள்வட்டங்களைப் போட்டார். பரீட்சைத் தாளில் நான்கு நீள்வட்டம் வரைந்து 16 பகுதியை நிரப்பிக்கொண்டிருந்தால் மணி அடித்துவிடும்.

நான்கு கூட்டக் கணக்குக்கு நான் வைத்திருப்பது மீண்டும் கரோல்தான். 1885-இல் வந்த அவருடைய ‘எ டேங்கிள்ட் டேல்’ புத்தகத்தின் பத்தாம் முடிச்சில் ஒரு கணக்கு உண்டு. போரில் அடிபட்டு ஓய்வூதியத்தில் வாழும் சிப்பாய்கள். அவர்களில் 70 சதவீதம் பேர் ஒரு கண்ணை இழந்தவர்கள், 75 சதவீதம் ஒரு காதை, 80 சதவீதம் ஒரு கையை, 85 சதவீதம் ஒரு காலை. நான்கையும் இழந்தவர்கள் குறைந்தபட்சம் எத்தனை சதவீதம்? கேட் தேர்வுப் பயிற்சியில் ‘மினிமம்–மேக்ஸிமம்’ என்று தனித் தலைப்பில் பயமுறுத்துகிற கணக்குகள் எல்லாம் இதன் வாரிசுகள். சிப்பாய்களின் உடலை வைத்துக் கணக்குப் போட எனக்கு மனம் வராததால், வகுப்பில் இதை நான்கு பாடங்களில் தேர்ச்சி பெற்றவர்கள் என்று மாற்றித்தான் கொடுப்பேன்.

100 மாணவர்கள். நான்கு பாடங்களில் முறையே 70, 75, 80, 85 பேர் தேர்ச்சி. எல்லாவற்றிலும் தேர்ந்தவர் குறைந்தது எத்தனை பேர்? தேர்ந்தவர்களையே பார்த்துக்கொண்டிருந்தால் இது நகராது. தேறாதவர்களைப் பார்க்க வேண்டும், அதாவது ஒவ்வொரு வட்டத்துக்கும் வெளியே நிற்பவர்களை. 30, 25, 20, 15. மொத்தம் 90 தோல்விகள். எல்லாவற்றிலும் தேர்ந்தவர் எண்ணிக்கை குறைய வேண்டுமென்றால் இந்த 90 தோல்விகளை முடிந்த அளவு வேறு வேறு ஆட்களுக்குப் பங்கிட வேண்டும். ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாலும் 90 பேரோடு தீர்ந்துவிடும். மீதி 10 பேர் மேல் விழத் தோல்வியே இல்லை. விடை 10. அதிகபட்சம் எத்தனை என்று கேட்டால் இன்னும் சுலபம்: கண்ணுக்கு முன்னால் இருக்கும் மிகச் சிறிய எண், 70.

இது முடிந்ததும் எண்களை மாற்றி எழுதுவேன். 60, 65, 70, 75. இப்போது குறைந்தபட்சம்? அவசரக்காரர்கள் தோல்விகளைக் கூட்டி 130 என்று எழுதி, 100-இலிருந்து கழித்து, மைனஸ் 30 என்று பார்த்துவிட்டு நிறுத்துவார்கள். முன்பெல்லாம் மைனஸை அழித்துவிட்டு 30 என்று எழுதியிருப்பார்கள். இந்தப் பாடம் நடந்து முடிந்த பிறகு எழுதுவதில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பார்கள். 130 தோல்விகள், 100 ஆட்கள். ஆளுக்கு ஒன்று கொடுத்து முடிந்த பிறகும் கையில் 30 மீதி இருக்கிறது; அவை இரண்டாவது தோல்வியாக யார்மேலாவது விழும். தோல்வியே இல்லாத ஆள் ஒருவர்கூட இருக்கத் தேவையில்லை.

“ஜீரோ சார்” என்று யாராவது மெதுவாகச் சொல்வார்கள். ஏன் என்று அவரையே பலகைக்கு வந்து எழுதச் சொல்லிவிட்டு, நான் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வேன்.